புரொவென்சானோவின் சீட்டு: 21 எழுத்தா, 26 எழுத்தா?

கணக்கன்: இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கும் கோர்லியோனே ஊர் மாஃபியாவின் தலைவராக இருந்தவர் புரொவென்சானோ. துண்டுச்சீட்டில்தான் செய்தி போகும், பெயர்கள் எண்ணாக இருக்கும். அந்த மாஃபியா பற்றிய இழையில் தென்றல்77 எழுதியது: "புரொவென்சானோவின் துண்டுச்சீட்டுகளில் இருந்தது அப்படியே சீசர் குறியீடு, அதாவது எழுத்தின் வரிசை எண்ணை நகர்த்தி எழுதுவது. ஆங்கில 26 எழுத்துக்கும் மூன்று கூட்டினால் போதும்." போதாது. பிரபலமான அந்தச் சீட்டில் 512151522 191212154 என்று இருக்கிறது. 26 எழுத்துக் கணக்கில் மூன்றைக் கழித்துப் பாருங்கள், "பில்ஸ் பீலா" என்று வரும். பீலா விடுவது யார் என்று சீட்டே சொல்லிவிடுகிறது.

இத்தாலிய அகரவரிசையில் ஜே, கே, டபிள்யூ, எக்ஸ், ஒய் கிடையாது. மொத்தம் 21. ஐக்கு அடுத்தது எல். அதனால் 'என்' 12வது எழுத்து, மூன்று கூட்டினால் 15. 'யு' 19, கூட்டினால் 22. இப்போது படியுங்கள்: பின்னு ரீனா.

தென்றல்77: மூன்று கூட்டினால் அது சீசர்தான். சீசர் என்றால் 26 எழுத்து. அது இருக்கட்டும், இடைவெளியே இல்லாத எண் வரிசையை எங்கே வெட்டுவீர்களாம்? 5, 12 என்றா? 51, 2 என்றா?

கணக்கன்: சீசர் காலத்து லத்தீனிலேயே 26 எழுத்து கிடையாது ஐயா.

வெட்டுவதும் சுலபம். 'ஏ' 4, 'இசட்' 24. தனியாக 1, 2, 3 வரவே வராது. இலக்கம் 1 அல்லது 2 என்று தொடங்கினால் அடுத்ததையும் சேர்த்து எடு. 4 முதல் 9 வரை என்றால் அது ஒற்றை எழுத்து. 5 / 12 / 15 / 15 / 22. வேறு மாதிரி வெட்டவே முடியாது. மூன்று கூட்டாமல் விட்டிருந்தால்தான் 12 என்பது ஏ-பியா, என்-ஆ என்ற குழப்பம் வரும்.

தென்றல்77: பள்ளிக்கூடத்தைச் சரியாகத் தாண்டாத மனிதர் இவ்வளவு யோசித்தாராக்கும்! சரி, வேறு சீட்டுகளில் 30 வருகிறதே, அதை உங்கள் 24க்குள் அடையுங்கள் பார்க்கலாம்.

கணக்கன்: இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள். அது மாஃபியா ஆட்களுக்கு வைத்த எண். 30 சால்வதோரே லோ பிக்கோலோ, 25 நீனோ ரோத்தோலோ. எழுத்துக்கணக்கு தனி, ஆள்கணக்கு தனி.

பழைய_ஏடு: எண்ணைப் பிடித்துத் தொங்குகிறீர்கள் இருவரும். புரொவென்சானோ 1963 முதல் தலைமறைவாக இருந்தவர், 43 வருடம். 2006 ஏப்ரல் 11 அன்று கோர்லியோனே அருகே பண்ணை வீட்டில் சிக்கினார். மனைவி வீட்டிலிருந்து போன சலவைத்துணிப் பொட்டலத்தைப் பின்தொடர்ந்துதான் போலீஸ் அங்கே போனது. ரீனா பெயர் வந்ததும் நினைவுக்கு வருகிறது: அந்தச் சீட்டு முந்தைய தலைவர் தோத்தோ ரீனாவைச் சந்தித்ததைச் சொல்கிறது என்று போன மாதம் தென்றல் அடித்துச் சொன்னார்.

தென்றல்77: ரீனா என்றால் ரீனாதானே?

பழைய_ஏடு: தோத்தோ 1993 ஜனவரி 15 முதல் 2017ல் இறக்கும்வரை சிறையில்தான் இருந்தார். தோத்தோ என்பது சால்வதோரேவின் சுருக்கம், பின்னு என்பது பெர்னார்தோவின் சுருக்கம். சீட்டில் இருக்கும் பின்னு ரீனா வேறு ஆள்.

தென்றல்77: நீங்கள் பேசாதீர்கள். பழைய மாஃபியாத் தலைவர் லெஜ்ஜோவை லிஜ்ஜோ என்று நான் எழுதியதற்கு மூன்று நாள் வகுப்பு எடுத்தவர். போலீஸ் ஏட்டிலேயே லிஜ்ஜோ என்றுதான் இருந்தது.

பழைய_ஏடு: போலீஸ்காரர் செய்த எழுத்துப்பிழை அந்தக் குடும்பத்துப் பெயர் ஆகிவிடுமா? 1958ல் அப்போதைய தலைவர் டாக்டர் நவார்ராவைக் காரிலேயே சுட்டுத் தள்ளிவிட்டுக் கோர்லியோனேயைக் கைப்பற்றியவர் லூச்சானோ லெஜ்ஜோ. லெ!

கணக்கன்: லெயும் லியும் அப்புறம். தென்றல், 15 என்ற எண் எந்த எழுத்து?

தென்றல்77: மூன்று கழித்தால் 12. பன்னிரண்டாவது எல்.

கணக்கன்: எந்த மொழியில்? சீட்டை எழுதியவர் இங்கிலாந்துக்காரரா?

தென்றல்77: சீசர் என்றால் 26தான். எத்தனை முறை கேட்டாலும் அதேதான்.

கணக்கன்: அப்படியானால் "பில்ஸ் பீலா" யார் என்று சொல்லுங்கள். காத்திருக்கிறேன்.