தேர்வறையில் மனசை விட்டுப் போகாத ஒரு நிமிடம்: சேலம் பக்கத்து நர்ஸ்கள் எழுதுங்கள்

சூரமங்கலம் ஸ்டாஃப்:

அமெரிக்காவில் நர்ஸாக வேலை செய்ய எழுத வேண்டிய என்கிளெக்ஸ் தேர்வு பாஸ் ஆகியும் ஒரு நிமிடம் மட்டும் என்னை விடமாட்டேன் என்கிறது. ஏற்காடு எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னை போனது, லாக்கரில் எல்லாவற்றையும் வைத்தது, உள்ளங்கை ஸ்கேன், இதெல்லாம் எழுதியவர்களுக்குத் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன். 85ஆவது கேள்விக்குப் பதில் போட்டு அடுத்ததை அழுத்தினேன். திரை அணைந்துவிடும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். 86 வந்து நின்றது.

உடம்பே சில்லிட்டுப் போனது. எங்கள் ஹாஸ்டலில் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: 85இல் நின்றால் பாஸ், தாண்டினால் போச்சு. அதற்குப் பிறகு வந்த கேள்விகளைக் கண் படித்தது, மனசு படிக்கவில்லை. ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், ஒன்றும் ஏறவில்லை. எப்படியோ சுதாரித்து முடித்தேன்.

அந்த வதந்தி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். நாம் போடும் பதிலைப் பொறுத்து அடுத்த கேள்வியின் கடினம் மாறும். குறைந்தது 85 கேள்வி முடிந்த பிறகு, பாஸ் கோட்டுக்கு மேலே இருக்கிறோமா, கீழே இருக்கிறோமா என்று கம்ப்யூட்டருக்கு 95 சதவீதம் உறுதியானால் நிறுத்திவிடும். உறுதியாகாவிட்டால் 150 வரை கேட்கும். அவ்வளவுதான். 85இல் நின்று ஃபெயில் ஆனவர்களும் உண்டு, 150 வரை போய்ப் பாஸ் ஆனவர்களும் உண்டு. 86 வந்தால் இன்னும் முடிவாகவில்லை என்று மட்டுமே அர்த்தம். இன்னொன்று, அந்த 85இல் 15 கேள்விகளுக்கு மார்க்கே கிடையாது. வருங்காலத் தேர்வுக்காகச் சோதித்துப் பார்க்கிற கேள்விகள் அவை. எது அந்தப் 15 என்று நமக்குத் தெரியாது. விநோதமான கேள்வி வந்தால் அதற்காக உடைந்து போகாதீர்கள்.

உங்களுக்கு எந்த நிமிடம்?

அஸ்தம்பட்டி நைட் டூட்டி:

எனக்கு கொஸ்டின் பேங்க்கில் வந்த ஒரு கேள்வி. ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது, நோயாளிக்குக் குளிர் நடுக்கம், இடுப்பு வலி. முதலில் என்ன செய்வாய்? ஏற்றுவதை நிறுத்த வேண்டும், எல்லோருக்கும் தெரியும். அதைப் பார்த்ததும் நான் முன்பு வேலை செய்த இடத்தில் ஒரு ராத்திரி கண் முன்னால் வந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் இதையேதான் செய்தாள். கிளாம்பை மூடினாள், புது செட் போட்டு நார்மல் சலைன் ஓடவிட்டாள், அப்புறம் டூட்டி டாக்டருக்கு போன் செய்தாள். இன்சார்ஜ் வந்து நோயாளிகள் முன்னாடியே, "டாக்டரைக் கேட்காமல் யார் உன்னை நிறுத்தச் சொன்னது?" என்று கத்தினார். டாக்டர் வந்து செய்தது சரிதான் என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டுப் போனார். அவளிடம் அதை யாரும் சொல்லவில்லை. மருந்து ட்ரேயைத் துடைத்துக்கொண்டே அழுதாள்.

அமெரிக்கத் தேர்வு நம்மிடம் எதிர்பார்ப்பது அந்தப் பெண்ணைத்தான். நம் வார்டுகள் நம் கையை முதலில் போனுக்குப் பழக்கி வைத்திருக்கின்றன. படுக்கை அருகிலேயே நர்ஸ் செய்யக்கூடியது ஏதாவது இருந்து, அது ஆபத்தை நிறுத்தும் என்றால், அது போனுக்கு முன்னால் வரும்.

ஆனால் டாக்டர் என்று இருக்கிற ஆப்ஷனை எப்போதும் தள்ளு என்று கோச்சிங்கில் சொல்கிறார்களே, அது தப்பு. காலில் மாவுக்கட்டு, வலி ஊசி போட்டும் வலி குறையவில்லை, விரல் வெளுத்து மரத்துப் போயிருக்கிறது என்று கேள்வியிலேயே எல்லாம் பார்த்து முடித்திருந்தால், இன்னும் பார்த்துக்கொண்டே இருப்பது பதில் இல்லை. டாக்டரை உடனே கூப்பிட வேண்டும்.

நாகலூர் பொண்ணு:

நான் யூ.கே. பக்கம். ஓஎஸ்சிஇ என்கிற செய்முறைத் தேர்வை அங்கே போய்த்தான் செய்ய வேண்டும், சிபிடி என்கிற கம்ப்யூட்டர் தேர்வைப் பெங்களூரில் எழுதினேன். பார்ட் ஏ கணக்கு, 15 கேள்வி, 30 நிமிடம். ஒரு மணி நேரத்துக்குள் ஏற்காடு மலை இறங்கி வார்டுக்கு ஓடி, சொட்டைக் கண்ணால் பார்த்தே சரி செய்து பழகியவள் நான். மாக் டெஸ்டில் 1000 மில்லி, 8 மணி நேரம், ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்று கேட்டான். கால்குலேட்டரில் 41.66 என்று வந்து நிற்கிறது. அரைச் சொட்டு விட முடியுமா? 42. இத்தனை நாள் நான் விட்ட டிரிப்ஸ் எல்லாம் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு ஓடியது என்று அப்போது வந்த பயம் இன்னும் இருக்கிறது. இப்போது வார்டில் வாட்ச் பார்க்காமல் கிளாம்பைத் தொடுவதில்லை.

கணக்கில் போனாலும் பதற வேண்டாம். எந்தப் பார்ட் போனதோ அதை மட்டும் திரும்ப எழுதலாம்.

ஐந்து ரோடு:

எனக்குக் கேள்வியே இல்லை. என்கிளெக்ஸ் மையத்து கவுன்ட்டர். எனக்கு முன்னால் நின்ற பெண் திருநெல்வேலிப் பக்கம் என்று பேச்சில் தெரிந்தது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக சர்நேமில் இருக்கிறது. அவள் விண்ணப்பித்தது காலேஜ் சர்டிஃபிகேட்டில் இருக்கிற மாதிரி, இனிஷியல் மட்டும். பரீட்சை அனுமதிக் கடிதத்திலும் அப்படியே வந்துவிட்டது. உள்ளே விடவில்லை. நம் ஊரில் பாஸ்போர்ட் தவிர வேறு எந்த அடையாள அட்டையையும் அவர்கள் ஏற்பதில்லை. அவள் ஆதார், கவுன்சில் கார்டு, பான் கார்டு என்று ஒவ்வொன்றாக எடுத்து அந்த மேஜையில் வரிசையாக வைத்தாள். யாரும் அதைத் தொடக்கூட இல்லை. 200 டாலர் ஃபீஸ், வெளிநாட்டு மையம் என்பதால் அதற்கு மேல் 150. எல்லாம் போய், மறுபடி முதலிலிருந்து.

நம் பெயர் வைக்கிற முறையே வேறு. அதனால் தயவுசெய்து விண்ணப்பிக்கும் முன்னாடியே பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள்.

கொண்டலாம்பட்டி:

அடுத்த வாரம் எனக்கு டேட். எழுதியவர்கள் வந்த கேள்விகளை ஞாபகம் இருக்கிற வரை அப்படியே போடுங்களேன், ப்ளீஸ்.

ஓமலூர் டியூட்டர்:

கொண்டலாம்பட்டி, வேண்டாம்மா. பரீட்சை தொடங்கும் முன்னால் கேள்விகளை வெளியே சொல்லமாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் உள்ளே போகிறோம். மீறினால் ரிசல்ட்டையே ரத்து செய்ய முடியும். கேட்கிறவருக்கும் ஆபத்து, சொல்கிறவருக்கும் ஆபத்து. தவிர, ஒருவருக்கு வந்தது இன்னொருவருக்கு அப்படியே வராது.

என் அனுபவம் சின்னது. என்னிடம் படித்த ஒரு பெண், எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மார்க் வாங்கியவள், முதல் மாக் டெஸ்டில் சாட்டா கேள்வியை, அதாவது சரியானவை எல்லாவற்றையும் டிக் போடு என்கிற கேள்வியைப் பார்த்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மேடம், எத்தனை சரி என்று எங்கே போட்டிருக்கிறது?" எங்கேயும் போட்டிருக்காது. அந்த முகத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சாட்டாவில் ஆப்ஷன்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிடாதீர்கள். ஒவ்வொன்றையும் தனியாக எடுத்து, இந்த நோயாளிக்கு இது சரியா இல்லையா என்று கேளுங்கள். 2023 ஏப்ரல் 1இல் என்கிளெக்ஸில் புது முறை வந்ததிலிருந்து, முழுதும் சரியாக இல்லாவிட்டாலும் ஒரு பகுதி மார்க் உண்டு. சரியானதற்குக் கூட்டுவார்கள், தவறானதற்குக் கழிப்பார்கள், பூஜ்யத்துக்குக் கீழே போகாது. அதனால் சந்தேகமானதை எல்லாம் அள்ளி டிக் போட்டால் சம்பாதித்ததும் போகும். கேஸ் ஸ்டடி மூன்று வரும், ஒவ்வொன்றிலும் ஆறு கேள்வி. அந்த ஆறும் வரிசையாகப் போகும்: எது கவனிக்க வேண்டிய அறிகுறி, அது எதைக் காட்டுகிறது, எது முதல் ஆபத்து, என்ன செய்யலாம், எதைச் செய்கிறாய், செய்தது பலித்ததா. நர்ஸிங் நோட்ஸ், லேப், வைட்டல்ஸ் (நாடி, ரத்த அழுத்தம் மாதிரி) என்று இருக்கிற எல்லா டேபையும் திறந்து பார்த்த பிறகே பதில். பின்னால் போக முடியாது, எனவே முடிந்ததை மனசில் சுமக்காதீர்கள்.

வேலையைப் பிரித்துக் கொடுக்கிற கேள்விகளில்தான் நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். நம் வார்டில் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் நோயாளியின் வீட்டு ஆட்கள். அங்கே அதற்குத் தனி உதவியாளர், அவருக்கு மேலே எல்பிஎன் என்கிற அடுத்த நிலை நர்ஸ், அதற்கு மேலே ஆர்என் என்கிற முழுப் பொறுப்புள்ள நர்ஸ். முதல் மதிப்பீடு, கற்றுக்கொடுப்பது, பலனைக் கணிப்பது, இந்த மூன்றும் ஆர்என் கையை விட்டுப் போகக்கூடாது. நிலையாக இருக்கிற நோயாளியின் குளியலும் நடையும் உதவியாளருக்கு. ஆபரேஷன் முடிந்து இப்போதுதான் வந்தவரின் முதல் வைட்டல்ஸ் உதவியாளருக்கு இல்லை. மருந்துப் பெயர்களும் அமெரிக்கப் பெயர்கள்தான்: பாராசிட்டமால் அசிட்டமினோஃபென் என்று வரும், சால்புட்டமால் ஆல்பியூட்டரால், அட்ரினலின் எபிநெஃப்ரின். ரத்தத்தில் பொட்டாசியம் 3.5 முதல் 5, லித்தியம் 0.6 முதல் 1.2, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுகிறவருக்கு உறைதலைக் காட்டும் ஐஎன்ஆர் பெரும்பாலும் 2 முதல் 3. இவற்றைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

ஆத்தூர் பிரதர்:

டியூட்டர் மேடம் சொன்னது எல்லாம் படித்தால் வந்துவிடும். படித்தும் வராத ஒன்று இருக்கிறது. சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரி, ஆண்கள் சர்ஜரி வார்டு. வாழப்பாடிப் பக்கத்து விவசாயி ஒருவர், வயிற்றில் புற்றுநோய். மகன் என்னை வராண்டாவுக்கு அழைத்துப் போய், "அப்பாவுக்கு மட்டும் தெரியக்கூடாதுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். சம்மதப் படிவத்தில் மகன்தான் கையெழுத்துப் போட்டார். நான் டிரிப்ஸ் மாற்றும்போது பெரியவர் கேட்டார்: "கண்ணு, எனக்கு என்னதான் வந்திருக்கு?"

அன்றைக்கு ராத்திரி ரூமில் மாக் டெஸ்டில் இதே கேள்வி. சுயநினைவோடு இருக்கிற பெரியவர், அவருக்குத்தான் உரிமை, மகன் கையெழுத்துச் செல்லாது. டிக் போட்டேன், பச்சை விளக்கு வந்தது. காலையில் அதே படுக்கைக்குப் போனேன், அவர் அதே கேள்வியைக் கேட்டார். எதை முதலில் பார்ப்பது என்று சொல்லும் மாஸ்லோ, ஏ.பி.சி. விதிகள் எதுவும் அங்கே உதவாது மேடம். தேர்வில் சரியாகப் போட்டதை வார்டில் செய்ய முடியாமல் நிற்பது என்னைத் தின்கிறது.

அஸ்தம்பட்டி நைட் டூட்டி:

பிரதர், ஒன்று மட்டும் மறுக்கிறேன். தேர்வு உங்களையே உண்மையைப் போட்டு உடைக்கச் சொல்லவில்லை. ஆபரேஷனையும் ஆபத்தையும் விளக்குவது சர்ஜன் வேலை. நர்ஸ் அந்தக் கையெழுத்துக்குச் சாட்சி. "உங்களுக்கு டாக்டர் என்ன சொல்லியிருக்கிறார்?" என்று பெரியவரிடமே கேட்டு, அவருக்குத் தெரியாது என்றால் கையெழுத்துக்கு முன்னாடி சர்ஜனிடம் சொல்லி அவரை வந்து பேச வைப்பதுதான் சரியான ஆப்ஷன். அதை நம் வார்டிலும் செய்யலாம். மகன் கோபப்படுவார், ஒரு வேளை இன்சார்ஜும் கோபப்படுவார். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க நமக்கு யார் அனுமதியும் வேண்டாம்.

ஆத்தூர் பிரதர்:

சரி சிஸ்டர். சர்ஜன் காலையில் ரவுண்ட்ஸ் வரும்போது சொல்ல முடியும். அவர் படுக்கை அருகில் நிற்பது இரண்டு நிமிடம். அதற்குள் மகனும் பக்கத்தில் இருப்பார். இருந்தாலும் சொல்லிப் பார்க்கிறேன்.

கொண்டலாம்பட்டி:

கேள்வி கேட்டதற்கு மன்னிக்கவும் மேடம், ஒப்பந்தம் பற்றி எனக்குத் தெரியாது. பாஸ்போர்ட்டையும் அனுமதிக் கடிதத்தையும் இப்போதுதான் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒன்றாக இருக்கிறது. இன்னொரு சந்தேகம், நடுவில் பிரேக் எடுத்தால் நேரம் நின்றுவிடுமா?

சூரமங்கலம் ஸ்டாஃப்:

நிற்காதும்மா. மொத்தம் 5 மணி நேரம், பிரேக்கும் அதற்குள்தான். 2 மணி நேரம் ஆனதும் திரையிலேயே கேட்கும், மூன்றரை மணி நேரம் ஆனதும் மறுபடி கேட்கும். நேரம் பெரும்பாலும் போதும், அதனால் முதல் பிரேக்கை விடாதே. வெளியே போகும்போதும் உள்ளே வரும்போதும் உள்ளங்கை ஸ்கேன் உண்டு, மருதாணி வைத்துக்கொண்டு போகாதே. முந்தின நாளே சென்னை போய்விடு.