பல வண்ண எழுத்துருவில் நிறம் மாற்றிய அனுபவம், உங்களுக்கும் உண்டா?

செவ்வாய்ப்பேட்டை, இணையதள வேலை:

போன சீசனில் சேலத்து மாம்பழ மண்டிக்காரர் ஒருவருக்குத் தளம் செய்தேன். கடையின் ஆங்கிலப் பெயருக்கு, ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் பல நிறங்கள் கொண்ட ரோஷர் கலர் எழுத்துரு போட்டிருந்தேன். கல்லில் செதுக்கியது போல இருக்கும், ஹார்பர் டைப் என்ற எழுத்துரு நிறுவனம் செய்தது. அவருக்கு வடிவம் பிடித்துவிட்டது, நிறம் பிடிக்கவில்லை. "மல்கோவா இப்படியா இருக்கும் தம்பி?" என்றார்.

முன்பெல்லாம் எழுத்தை அவுட்லைன், அதாவது வெறும் கோட்டு வடிவம் ஆக்கி, ஒவ்வொரு துண்டாக நிறம் நிரப்பிப் படமாக ஏற்றுவேன். பெயரில் ஒரு எழுத்து மாறினால் எல்லாம் முதலிலிருந்து. கண் தெரியாதவர்களுக்குத் திரைவாசிப்பான் படிக்க அங்கே எழுத்தே இருக்காது, அது எனக்கு எப்போதும் உறுத்தும்.

இந்த முறை தளத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில், எழுத்துருவின் நிறங்களை மாற்றும் ஃபாண்ட் பேலட் வேல்யூஸ் விதி எழுதினேன். எழுத்துருவுக்குள் சிபிஏஎல் என்ற அட்டவணையில் நிறங்கள் எண் போட்டு இருக்கின்றன. எழுத்தின் அடுக்குகள் அந்த எண்ணைத்தான் சுட்டும். எண்ணையும் புது நிறத்தையும் அந்த விதியின் ஓவர்ரைடு கலர்ஸ் வரியில் கொடுத்தால் போதும், எழுத்துருக் கோப்பைத் தொட வேண்டாம். எண் 0-இல் தொடங்கும் என்பதைக் கவனிக்காமல் நிழலில் மஞ்சளை வைத்துவிட்டு ஒரு மாலை முழுக்கத் தேடினேன். அப்புறம் அவர் ஒரு பழத்தைக் கொண்டுவந்து திரைக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். "இன்னும் கொஞ்சம் வெளுப்பு, காம்புப் பக்கம் பச்சை" என்று அவர் சொல்லச் சொல்ல மாற்றினேன். அந்த அரைமணி நேரத்தை மறக்க மாட்டேன்.

ஏற்காடு, தங்கும் விடுதித் தளம்:

அண்ணா, எங்கள் தளத்தில் டார்க் மோடு போட்டதும் எழுத்தின் அடர்ந்த பக்கங்கள் பின்னணியோடு கலந்து மறைந்தன. நிறத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும் ஃபாண்ட் பேலட்டில் டார்க் என்று கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. இருட்டுக்கு ஏற்ற தொகுப்பு இதுதான் என்று எழுத்துரு செய்தவர் உள்ளே குறித்திருந்தால்தான் அது வேலை செய்யுமாம். கடைசியில் நானே தனித் தொகுப்பு எழுதிக்கொண்டேன். பழைய போன்களில் என்ன ஆகும்?

செவ்வாய்ப்பேட்டை:

சஃபாரி 15.4, குரோம் 101, ஃபயர்ஃபாக்ஸ் 107 ஆகிய உலாவிப் பதிப்புகள் மூன்றும் 2022-இல் வந்தவை, அவற்றிலிருந்து வேலை செய்யும். அதற்குச் சற்று முந்தையவற்றில் எழுத்துருவின் சொந்த நிறமே தெரியும், எழுத்து காணாமல் போகாது. பிட்மேப்பாக, அதாவது புள்ளிகளால் ஆன படமாக நிறம் வைத்த எழுத்துருக்களில் மட்டும் முயல வேண்டாம், அங்கே மாற்ற எண்ணே இல்லை.