கீமோவும் சின்சே (சீன வைத்தியர்) மருந்தும் ஒண்ணா ஓடும்போது நீங்க பார்த்தது என்ன? (பாடாங் செராய், கூலிம் பக்கம்)

மருந்துஜன்னல்:

நம்ம ஆளுங்க நிறையப் பேர் ஆஸ்பத்திரிக்கும் போறாங்க, சின்சேகிட்டயும் போறாங்க. அது தெரிஞ்ச கதை. நான் எழுத வந்தது கால் ஊறவைக்கிற தண்ணியைப் பத்தி.

பெருங்குடல் கான்சர், ஆக்சாலிபிளாட்டின்ங்கிற கீமோ மருந்து முடிச்ச ஒரு அம்மா. சின்சே கொடுத்த பொட்டலத்தைக் கொதிக்க வச்சு, பேசின்ல ஊத்தி ராத்திரி கால் வச்சிருக்காங்க. மறுநாள் கிளினிக்ல சிலிப்பரைக் கழட்டிக் காட்டுறாங்க. ரெண்டு குதிகால்லயும் கொப்புளம், சுண்டு விரல் பக்கம் தோல் வெள்ளையா உரிஞ்சு தொங்குது. "சூடே தெரியல தம்பி, அதான் மகளை இன்னும் கொஞ்சம் சுடுதண்ணி ஊத்தச் சொன்னேன்." முகத்துல வலியே இல்ல. அதுதான் மனசை விட்டுப் போகமாட்டேங்குது.

பொட்டலத்துல குத்தம் கிடையாது. ஆய் யே (நம்ம மாசிபத்திரி இனத்து இலை), ஹோங் ஹுவா (குசும்பாப்பூ), காஞ்ச இஞ்சி, கறுவாக் குச்சி, அவ்வளவுதான். குத்தம் சூட்டுல. ஆக்சாலிபிளாட்டின், பாக்லிடாக்சல் மாதிரி மருந்துங்க நரம்பு நுனியைக் கெடுக்கும், பாதத்துலயும் விரல்லயும்தான் முதல்ல தெரியும். ஆக்சாலிபிளாட்டின்ல ரெண்டு விதம் உண்டு. ஊசி ஏறின சில நாள் குளிர் பட்டா சுரீர்னு கூசும், ஐஸ் தண்ணி குடிச்சா தொண்டை இறுகும், அது அடங்கிடும். டோஸ் சேரச் சேர வர்ற மரத்துப்போறது வேற. மருந்தை நிறுத்தின பிறகும் சில மாசம் அது கூடலாம். "கீமோதான் முடிஞ்சுதே"ன்னு நிம்மதியா இருக்கிற நேரத்துல கால் இன்னும் அதிகமா மரத்திருக்கும். இனிப்புநீரும் இருந்தா சொல்லவே வேணாம்.

செய்யணும்னா இப்படிச் செய்ங்க. மருந்தைத் தனியா காய்ச்சி வடிகட்டி, பச்சைத் தண்ணி கலந்து ஆத்துங்க. குழந்தை குளிப்பாட்ட விக்கிற தெர்மாமீட்டர்ல 38ல இருந்து 40 டிகிரிக்குள்ள இருக்கணும். தெர்மாமீட்டர் இல்லன்னா வீட்டுல வேற ஒருத்தர் முழங்கையை விட்டுப் பார்க்கணும், நோயாளி தன் கையை விடக்கூடாது, அந்தக் கையும் மரத்திருக்கும். 15 நிமிஷம் போதும். நடுவுல சுடுதண்ணி சேர்க்கணும்னா காலை வெளிய எடுத்துட்டு ஊத்தி, கலக்கி, திரும்ப அளந்துட்டு வைங்க. வெடிப்பு, புண் இருந்தா அன்னைக்கு வேண்டாம். விரலிடுக்கு ஈரம் போகத் துடைங்க. மோக்ஸா சுருட்டால (காஞ்ச ஆய் யேயைச் சுருட்டிக் கொளுத்துறது) சூடு காட்டுறதுக்கும் இதே கதைதான்: மரத்த தோல்ல சூடு வைக்க விடாதீங்க.

தராசுத்தட்டு:

தம்பி சொன்னது நூத்துக்கு நூறு. ஆனா காலுக்குப் போற தண்ணிய விட வாய்க்குள்ள போற தண்ணி பெரிய விஷயம்.

சீன மருந்துக் கடை கவுண்டர்ல நிக்கிறவங்களுக்கு இது புரியும். ஒரு அண்ணன் சின்சே சீட்டை நீட்டுறாரு: டாங் குவாய் 3 சீ (சீங்கிறது சீனக் கடை எடை), டான் ஷென் 4 சீ, ஹோங் ஹுவா 2 சீ. மூணுமே ரத்தத்தை ஓட வைக்கிற வகை. சீட்டை எடுக்கும்போது சட்டைப் பையில இருந்து வார்ஃபரின் (ரத்தம் கட்டாம இருக்கக் கொடுக்கிற மாத்திரை) புத்தகமும் கூடவே வந்துச்சு. கான்சர்ல கால் ரத்தக் குழாயில ரத்தம் கட்டிக்கிட்டுன்னு ஆஸ்பத்திரில கொடுத்தது. ஏற்கனவே நாலஞ்சு நாள் அதே மருந்தைக் குடிச்சிட்டு, இன்னொரு தடவை வாங்க வந்திருக்காரு. பேசிக்கிட்டே டிஷ்யூல துப்புறாரு, ஈறு ரத்தம். தௌக்கே (கடை முதலாளி) அளந்ததைத் திரும்ப டிராயர்ல கொட்டிட்டு சின்சேவுக்கு போன் போட்டாரு. சின்சேவுக்கு வார்ஃபரின் விஷயமே தெரியாது. யாரும் சொல்லல.

ரத்தம் கட்டினதுக்கு வார்ஃபரின் எடுக்கிறவங்களுக்கு ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பார்க்கிற டெஸ்ட், ஏறினா ரத்தம் கசியும்) 2க்கும் 3க்கும் நடுவுல வைப்பாங்க. டாங் குவாயும் டான் ஷென்னும் அதை ஏத்தும். கெய் சீ (சூப்ல போடுற சிவப்புப் பழம்) அளவுக்கு மேல போனாலும் ஏறலாம். ஜின்செங் எதிர்ப்பக்கம் இழுத்துக் குறைக்கும். பாக்குத் தே சூப் பொட்டலத்துலயும் டாங் குவாய் இருக்கும், அதையெல்லாம் மருந்துன்னே யாரும் கணக்குல எடுக்கிறதில்ல. காம் சோ (அதிமதுரம்) ரொம்ப நாள் போனா பொட்டாசியம் இறங்கும், பிரஷர் ஏறும். கீமோவால வாந்தி, பேதின்னு ஏற்கனவே பொட்டாசியம் போற உடம்புக்கு அது ஆகாது.

அளவுல நடக்கிற கூத்தையும் சொல்லிடுறேன். 1 சீ ஏறக்குறைய 3.75 கிராம். 10 சீ 1 தஹில். சீட்டுல சீன்னு இருக்கிறதை வீட்டுல தஹில்னு நினைச்சு, மலிவா கிடைக்குதேன்னு வேற கடையில வாங்கினா பத்து மடங்கு போயிடும். சீட்டைப் படிக்கத் தெரியாதவங்க தனித்தனியா வாங்காதீங்க, கடையிலேயே ஒரு நாளைக்கு ஒரு பொட்டலம்னு கட்டச் சொல்லுங்க.

காய்ச்சுறது மண்சட்டி இல்ல கண்ணாடிப் பாத்திரத்துல. இரும்பு, அலுமினியம் வேணாம். 30 நிமிஷம் ஊறப் போட்டு, 3 கிண்ணம் தண்ணி 1 கிண்ணமா வத்துற வரைக்கும் சின்ன தீ. புதினா மாதிரி வாசனை இலைங்களைக் கடைசி 5 நிமிஷத்துல போடணும். ஃபூ சீ இருந்தா தலைகீழ்: அதை மட்டும் முதல்ல ஒரு மணி நேரமாவது கொதிக்க விட்டுட்டுத்தான் மத்ததைச் சேர்க்கணும். அது நம்ம வச்சநாபி குடும்பம். நம்ம வைத்தியருங்க சுத்தி செய்யாம வச்சநாபியைத் தொடமாட்டாங்க இல்லையா, காரணம் அதேதான். கொதி பத்தலன்னா உதடு, நாக்கு மதமதன்னு ஆகும், பிறகு நெஞ்சுத் துடிப்பு தப்பும். அப்படி ஆனா நேரா எமர்ஜென்சி.

கெடாக்காத்து:

ஏன் எல்லாரும் பயமுறுத்துறீங்க? ரத்தக் கான்சர்ல ஒரு வகைக்கு இன்னைக்கு உலகம் பூரா கொடுக்கிற ஆர்செனிக் மருந்து ஹார்பின்ல 1970கள்ல நாட்டு மருந்துல இருந்து எடுத்தது. அமெரிக்காவுல 2000ல அனுமதி கொடுத்தாங்க. நம்ம வீட்டு வாசல்ல பூக்கிற நித்தியகல்யாணியில இருந்துதான் வின்கிறிஸ்டின் வருது. மலாய்க்காரங்க அதைக் கெமுந்திங் சீனான்னு சொல்வாங்க. கெப்பாளா பத்தாஸ் ஆஸ்பத்திரில 2007ல இருந்தே பாரம்பரிய மருத்துவப் பிரிவு நடக்குது, கான்சருக்குத் துணையா மூலிகை கொடுக்கிறாங்க, அரசாங்கமே செய்யுது.

கீமோ எடுத்த ஒரு பெரியவர் வாந்தியில சுருண்டு கிடந்தாரு. சின்சே மணிக்கட்டுல ஒரு இடத்தை அமுக்கிப் பிடிச்சிருந்தாரு, கொஞ்ச நேரத்துல பெரியவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாரு. கண்ணால பார்த்தது. ரெண்டு மணி நேரம் இடைவெளி விட்டா எந்த மருந்தும் எதோடயும் சண்டை போடாது.

ரத்தரிப்போர்ட்:

கெடாக்காத்து அண்ணே, மணிக்கட்டு விஷயம் சரி. கடைசி வரி தப்பு, ஆபத்தான தப்பு.

ரெண்டு மணி நேர இடைவெளி வயித்துக்குள்ள ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிற மருந்துக்குத்தான் உதவும். சண்டை பெரும்பாலும் கல்லீரல்லயும் ரத்தத்துலயும் நடக்குது. மருந்தை உடைக்கிற நொதியை ஒரு மூலிகை அடக்கிடுச்சுன்னா, காலையில சாப்பிட்டாலும் ராத்திரி சாப்பிட்டாலும் அது அடங்கித்தான் கிடக்கும். தம்புன் பொமேலோ மேல எல்லாருக்கும் பிரியம், ஆனா இமாட்டினிப் மாதிரி கான்சர் மாத்திரை எடுக்கிறவங்க அதைத் தொடக்கூடாதுன்னு சொல்றதும் இதனாலதான்.

ஆர்செனிக் உதாரணமும் உங்க பக்கம் பேசலண்ணே. அதை ரத்தக் குழாயில ஏத்துறாங்க, கிலோவுக்கு 0.15 மில்லிகிராம்னு கணக்குப் போட்டு, இசிஜி எடுத்து, பொட்டாசியமும் மக்னீசியமும் பார்த்து. வின்கிறிஸ்டின் ரத்தக் குழாய்க்குள்ள மட்டும்தான் போகணும், தண்டுவடத்துக்குள்ள போனா உயிரே போயிடும். நித்தியகல்யாணி இலையை வீட்டுல காய்ச்சிக் குடிக்கிறதும் அதுவும் ஒண்ணு இல்ல.

கெப்பாளா பத்தாஸ் விஷயத்துல உங்களோட ஒத்துப்போறேன். அங்க சின்சே முன்னாடி ஆஸ்பத்திரி கடிதமும் ரத்த ரிப்போர்ட்டும் இருக்கு. வித்தியாசமே அதுதான். வெளிய இருக்கிற சின்சேகிட்டயும் அதே காகிதத்தைக் கொண்டுபோய் நீட்டுங்கன்னுதான் சொல்றேன்.

பார்த்தது ஒண்ணு. ஒரு அக்காவுக்கு முதுகு பூரா கப்பிங் (கிண்ணம் வச்சுத் தோலை உறிஞ்சுறது) வட்டம், கறுத்து ஒண்ணோட ஒண்ணு கலந்து ஒரே கரும்போர்வையா கிடந்துச்சு. அன்னைக்கு பிளேட்லெட் (ரத்தத்தை உறைய வைக்கிற அணு) 31. சாதாரணமா 150க்கு மேல இருக்கணும். கீமோ ஏறின 7ல இருந்து 14 நாளுக்குள்ள வெள்ளணு பொதுவா அடி மட்டத்துக்கு இறங்கும், பிளேட்லெட்டும் அதை ஒட்டி இறங்கும். அந்த வாரத்துல கப்பிங், குவா ஷா (தோலைச் சுரண்டித் தேய்க்கிறது) வேணவே வேணாம். அக்குபங்சர் ஊசி குத்தணும்னா பிளேட்லெட் 50க்குக் கீழயோ, நியூட்ரோபில் (கிருமியோட போராடுற வெள்ளணு) 1.0க்குக் கீழயோ இருந்தா கான்சர் டாக்டரைக் கேட்காம குத்தக்கூடாது. ஊசி ஒரு தடவை போட்டுத் தூக்கி எறியறதா, கவரை உங்க முன்னாடி பிரிக்கிறாங்களான்னு பாருங்க. காய்ச்சல் 38 தொட்டா பனடால் போட்டு அமுக்கிட்டு விடியட்டும்னு இருக்காதீங்க, அப்பவே ஆஸ்பத்திரி. சாபா பாம்புப் புல்லைப் பச்சையா அரைச்சுக் குடிக்கிறவங்களும் இந்த வாரம் நிறுத்தணும். இலையில இருக்கிற மண்ணும் கிருமியும் போதும்.

தோள்பட்டை:

அண்ணன் சொன்ன மணிக்கட்டு இடம் நெய் குவான். உள்ளங்கைப் பக்கம், மணிக்கட்டுக் கோட்டுல இருந்து நோயாளியோட மூணு விரல் அகலம் மேல, ரெண்டு தசைநாணுக்கு நடுவுல. பெருவிரலால 2, 3 நிமிஷம் உறுதியா அமுக்கணும், தோல் கன்னக்கூடாது. வாந்தி மாத்திரைக்குப் பதிலா இல்ல, மாத்திரையோட சேர்த்து.

மார்பு ஓப்பரேஷன்ல அக்குள் நெறிக்கட்டி (நிணநீர் முடிச்சு) எடுத்த பக்கத்துக் கையைப் பத்தி யாரும் எழுதல, அதனால எழுதுறேன். கை வீங்கின ஒரு அம்மாவுக்கு துய்னா (சீன மசாஜ்) போட்டு அழுத்தி, எண்ணெய் வச்சு உருவி விட்டிருக்காங்க. மோதிரம் விரலுக்குள்ள புதைஞ்சு, நூல் சுத்தித்தான் கழட்ட முடிஞ்சது. நிணநீர் போற வழி அடைபட்ட கையில பலமா உருவினா மெல்லிய குழாய்ங்க இன்னும் நசுங்கும். அந்தக் கைக்கு வேற முறை இருக்கு: தோலை மட்டும் லேசா இழுக்கிற அளவு அழுத்தம், முதல்ல கழுத்தும் எதிர் அக்குளும், பிறகுதான் தோள், முழங்கை, கை. பயிற்சி எடுத்த பிசியோ கத்துக்கொடுப்பாங்க. காலையில வீக்கம் குறைவா இருக்கும்போதே அழுத்தக் கையுறையை மாட்டிடணும். செம்பனைத் தோட்டத்துலயோ வீட்டுத் தோட்டத்துலயோ வேலைக்குப் போறவங்க அந்தக் கைக்கு நீளக் கையுறை போடாம போகக்கூடாது. ஒரு முள் குத்தினாலே சிவந்து, சூடா, காய்ச்சலோட வரும். அதுக்கு ஆன்டிபயாட்டிக் வேணும், மஞ்சள் பத்து பத்தாது.

ஊசியையே வேணாம்னு சொல்லல. மார்புக் கான்சருக்குக் கொடுக்கிற லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் மாத்திரையால விரல் மூட்டு, முட்டியெல்லாம் இறுகி வலிக்கிறவங்களுக்கு அக்குபங்சர் கொடுக்கலாம்னு 2022ல அமெரிக்கக் கான்சர் டாக்டருங்க சங்கமான ஆஸ்கோ வழிகாட்டியிலயே வந்திருக்கு. வலி தாங்காம மாத்திரையை நிறுத்திடுறாங்களே, அதைத் தடுக்க முடிஞ்சா பெரிய விஷயம். வீங்கின கையை விட்டுட்டு மத்த இடத்துல குத்தச் சொல்லுங்க.

பா துவான் ஜின்ங்கிற சீன உடற்பயிற்சியும் நல்லது. முதல் அசைவுல ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கணும். தோள் இறுகினவங்க நாற்காலியில உட்கார்ந்து, துண்டை ரெண்டு கையிலயும் பிடிச்சு, நல்ல கையால மத்ததைத் தூக்கட்டும். தோள் உயரத்துல வலி வந்தா அங்கயே நிறுத்தி, மூச்சு விட்டு இறக்கட்டும்.

சைவச்சாப்பாடு:

ஒரு கேள்விதான். எங்க சொந்தத்துல ஒரு தாத்தாவுக்கு சின்சே கொடுத்த குளிகையில மாட்டுச் சாமான் இருக்குன்னு யாரோ சொல்லி, தாத்தா சாப்பாடே வேணாம்னு படுத்துட்டாரு. உண்மையா?

தராசுத்தட்டு:

இருக்கலாம்மா. நியூ ஹுவாங்னா மாட்டுப் பித்தக்கல். ஆ ஜியாவ் கழுதைத்தோல் பிசின். தேள், பூரானும் சில கூட்டுல உண்டு. வாங்கும்போதே "மாடு, மிருகச் சாமான் எதுவும் வேணாம்"னு சொல்லிட்டா பெரும்பாலும் செடி வகையா மாத்தித் தருவாங்க. சொல்ல வெட்கப்பட வேணாம். தாத்தாவை முதல்ல சாப்பிட வைங்க, முட்டை சேர்க்காதவர்னா பருப்பு, தாஹு, பால். உடம்புல சதை கரைஞ்சா கீமோவைத் தள்ளிப் போடுவாங்க.

மருந்துஜன்னல்:

குளிகைன்னதும் ஒண்ணு. பசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தை) பேர் இல்லாத பாட்டில்ல வர்ற குளிகை சாப்பிட்டு, ஒரே வாரத்துல பசி எடுத்து, வலி போய், முகம் உருண்டையாகி, சுகர் எகிறினா அதுல டெக்சாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். பதிவு இல்லாத மருந்துங்கள்ல சுகாதார அமைச்சு இதைத் திரும்பத் திரும்பப் பிடிச்சிருக்கு. சந்தேகம் வந்தா வீட்டுலயே சட்டுனு நிறுத்தாதீங்க, பாட்டிலோட டாக்டரைப் பாருங்க. பல வாரம் ஸ்டீராய்டு போன உடம்புல திடீர்னு நிறுத்தினா பிரஷர் விழுந்து மயக்கமாயிடும். பதிவான பாரம்பரிய மருந்துப் பெட்டியில எம்ஏஎல்னு ஆரம்பிச்சு எட்டு எண்ணும் கடைசியில டியும் இருக்கும், ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கும். கான்சரைக் குணமாக்கும்னு விளம்பரம் போட 1956 சட்டத்துலயே தடை இருக்கு, அப்படிப் போட்டிருந்தா வாங்காதீங்க.

சைவச்சாப்பாடு:

நன்றி அண்ணே. தாத்தாவுக்கு அடுத்த மாசம் ஓப்பரேஷன். சீன மருந்தை எப்ப நிறுத்தணும்?

மருந்துஜன்னல்:

குறைஞ்சது ரெண்டு வாரம் முன்னாடி, சூப்ல போடுறதையும் சேர்த்துத்தான். பொட்டலம், சீட்டு, பாட்டில் எல்லாத்தையும் ஒரு பையில போட்டு மயக்க மருந்து டாக்டர் பார்க்கிற அன்னைக்கு எடுத்துட்டுப் போங்க. மருந்து பேரு சீன எழுத்துல மட்டும் இருந்தா முதல்லயே கடையில ரூமியில (ஆங்கில எழுத்துல) எழுதி வாங்கிடுங்க.