மறுமொழி: டிடர்ஜென்ட் ரெசிடியூவுக்கு என்ன சொல்? ‘வழலை எச்சம்’ வேணாம்ங்கறது என் கட்சி

எல்லாருக்கும் வணக்கம்.

வாஷிங் மெஷின் கையேட்டைத் தமிழ்ல எழுதறப்ப டிடர்ஜென்ட் ரெசிடியூவுக்கு, அதாவது துவைச்ச அப்புறமும் துணிலயும் மெஷின்லயும் தங்கிப்போற மிச்சத்துக்கு, என்ன சொல் வைக்கலாம்னு ரெண்டு நாளா இந்த இழை ஓடறதைப் பார்த்துட்டு சும்மாதான் இருந்தேன். இன்னிக்குக் காலைல மெஷின் கதவைத் திறந்து அந்த ரப்பர் மடிப்பை விரலால பிதுக்கிப் பார்த்தேன், அதான் எழுத வேண்டியதாப் போச்சு. உள்ள சாம்பல் கலர்ல கூழ் மாதிரி, தொட்டா வழுக்குது, கூடவே ஒரு ஹேர்பின்னும் ஒரு ரூபா காசும். துணி துவைக்கற மெஷினுக்குள்ளேயே இவ்ளோ அழுக்கு.

> டிடர்ஜென்ட் ரெசிடியூ = வழலை எச்சம். சுருக்கமாகவும் தூய தமிழாகவும் இருக்கிறது.

ஐயா மன்னிக்கணும், ரெண்டு பாதியுமே எனக்கு உதைக்குது. எச்சம்னா பள்ளிக்கூடத்துல பெயரெச்சம் வினையெச்சம், எங்க தெருவுல காக்கா போட்டுட்டுப் போறது. “துவைத்த துணியில் எச்சம் இருக்கிறதா?”ன்னு கையேட்டுல போட்டா எங்கம்மா நேரா மொட்டை மாடிக் கொடியைத்தான் போய்ப் பார்ப்பாங்க.

அதைக்கூட விட்டுடலாம், பெரிய வம்பு வழலைல இருக்கு. வழலைன்னா சோப்பு. எண்ணெய் கொழுப்போட காரம் சேர்த்துக் காய்ச்சினா வர்ற கொழுப்பு அமில உப்பு அது. கால்சியம் மக்னீசியம் இருக்கற தண்ணில பட்டா திரிஞ்சுபோய் கரையாத தயிர்க்கட்டி மாதிரி ஆயிடும், பாத்ரூம் பக்கெட் ஓரமா வெள்ளையா வளையம் நிக்குதே அதேதான். மெஷின் தூள்ல அழுக்கெடுக்கற வேலையைப் பெரும்பாலும் செய்யறது எல்.ஏ.எஸ்.னு சுருக்கமா சொல்ற லீனியர் அல்கைல் பென்சீன் சல்ஃபோனேட், அது சோப்பே கிடையாது, அந்த மாதிரி கடினத் தண்ணிலயும் சோப்பு அளவுக்குத் திரியாது, டிடர்ஜென்ட்னு ஒண்ணு ஓஹோன்னு ஆனதே முக்கால்வாசி அதனாலதான். அப்ப வழலை எச்சம்னு பேர் வெச்சா இல்லாத சோப்பு மேல பழி போடறோம். (அறவே இல்லன்னும் சொல்ல முடியாது, நுரையை அடக்கறதுக்குன்னே சில லிக்விட்ல கொஞ்சம் சோப்பு சேர்ப்பாங்க. திரியற குணத்தையே அங்க வேலைக்கு வெச்சிருக்காங்க, அது தனிக்கதை.)

> நாங்கள் இஞ்ச சவர்க்காரம் எண்டுதான் சொல்லுறது. ‘சவர்க்காரப் படிவு’ எண்டு வைச்சால் என்ன?

அக்கா, சவர்க்காரம் எனக்கும் பிடிச்ச சொல்தான், ஆனா அதுவும் சோப்புதானே, வழலைக்குச் சொன்ன குறை இதுக்கும் வருதே. ஆனா படிவுன்னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் எனக்குப் பொறி தட்டிச்சு. உங்க யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் பூமி, கிணத்துத் தண்ணி எல்லாம் கடினம், நீங்க பார்க்கறது நிஜமாவே படியற சாமான். நான் ரப்பர்ல பார்த்தது படியல, அப்பிக்கிட்டு இருந்துச்சு. போன மாசம் என் கருநீல சட்டைல பார்த்தது படியவும் இல்ல அப்பிக்கவும் இல்ல, பொடிப்பொடியா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. இங்கிலீஷ்காரன் எல்லாத்தையும் ரெசிடியூன்னு ஒரே பையில போட்டுட்டான்னா நாமளும் போடணுமா? மூணுக்கும் காரணம் வேற, வைத்தியமும் வேற.

சட்டை விஷயத்தை முதல்ல சொல்றேன். எங்க வீடு மேல் மாடி, டேங்க் தலைக்கு நேர் மேல, அதனால குழாய்ல பிரஷர் கம்மி. சோப்பு ட்ரேல போட்ட தூளை அடிச்சு இழுத்துட்டுப் போற அளவுக்குத் தண்ணி வராது, பாதி ட்ரேலயே களியா கெட்டிப்பட்டு நின்னுடும், மீதி அலசற நேரத்துல மெதுவா இறங்கி வரும். போதாக்குறைக்கு குளிர்ந்த தண்ணில 15 நிமிஷ க்விக் வாஷ் போடுவேன், டிரம்மை வேற அடைச்சுத் திணிப்பேன், தூள் எங்கேர்ந்து கரையும்? சட்டைல இருந்த பொடியை நசுக்கி வெந்நில போட்டேன், கரைஞ்சிடுச்சு. கரைஞ்சா அது துவைக்கறப்ப கரையாம நின்னுபோன தூள்தான். கரையாமலே நின்னா தூள்ல சியோலைட் சேர்ந்திருக்கலாம், தண்ணியோட கடினத்தைக் குறைக்க பாஸ்பேட்டுக்கு மாத்தா போடறது, அது தண்ணில கரையற ஜாதியே இல்ல, அலசித்தான் வெளிய தள்ளணும். எப்படியோ, இதுக்கு எங்க வீட்டுச் சொல் ‘திப்பி’. காபித்தூள் திப்பி திப்பியா நிக்குதுன்னு சொல்றோமே அதே திப்பி. தூள்திப்பின்னு வெச்சா யாருக்குப் புரியாது? லிக்விடுக்கு மாறினா இந்தத் தொல்லை போயிடும், ஆனா ஆக்சிஜன் ப்ளீச் பொதுவா தூள்லதான் இருக்கும், வெள்ளை வேட்டிக்கு நான் இன்னும் தூளைத்தான் நம்பறேன், 60 டிகிரில.

ரெண்டாவது, ரப்பர்ல பார்த்த கூழ். ஃப்ரன்ட் லோடுல டிரம் படுத்த வாக்குல சுத்தும், துணி மேல போய் தொப்புனு கீழ விழும், நம்ம துவைக்கற கல்லுல அடிக்கற வேலையை அந்த விழுதல்தான் செய்யுது. தண்ணி டாப் லோடுல பாதி இருந்தா ஜாஸ்தி. ஃப்ரன்ட் லோடுல கைல துவைக்கற தூளைப் போட்டீங்கன்னா நுரை மெத்தை மாதிரி நின்னு துணியைத் தாங்கிக்கும், அடியே விழாது, அழுக்கு போகாது, அழுக்கு போகலையேன்னு அடுத்த தடவை இன்னும் ரெண்டு ஸ்பூன் போடுவோம். 1969-ல நிர்மா வந்ததுலேர்ந்து வீடு வீடா தூள் பக்கெட்டு, நுரை பொங்கினாத்தான் வெளுக்கும்னு நமக்கு ரத்தத்துல ஊறிப்போச்சு. அந்த நுரை வடியறப்ப எங்க ஒதுங்கும்? ரப்பர் மடிப்பு, டிரம் முதுகு, பில்டர். அதோட உடம்பு எண்ணெய், துணி மென்மைக்குன்னு ஊத்தற கண்டிஷனர் (அது பஞ்சு மேல பூச்சா நிக்கறதுக்குன்னே செஞ்சது, துண்டுல போட்டா துண்டு தண்ணியைச் சரியா உறிஞ்சாது), எல்லாம் சேர்ந்து வழுக்கும், நாறும்.

இதைத்தான் நான் சலவைப் பிசுக்குங்கறேன். பிசுக்குன்னா எண்ணெய்தானே ஞாபகம் வரும்னு யாராவது சண்டைக்கு வரலாம். வரட்டுமே, உள்ள எண்ணெயும்தான் இருக்கு. துணில பிசுக்கு நிக்குதான்னு பார்க்க சுலபமா ஒரு வழி: துவைச்சுக் காய்ஞ்ச துண்டு ரெண்டை மட்டும் உள்ள போட்டு, தூள் ஒரு பொட்டுகூட போடாம ஓட விட்டு, பத்து நிமிஷம் கழிச்சு கண்ணாடியைப் பாருங்க. எங்க வீட்ல பார்த்தா கண்ணாடி பாதிக்கு நுரை! ஒண்ணுமே போடலீங்க! அதெல்லாம் போன வாரத்துத் தூள். மூணு தடவை வெறும் தண்ணில ஓட்டின அப்புறம்தான் தெளிஞ்சது.

மூணாவது அக்கா சொன்ன கடினத் தண்ணி கேஸ். எங்க சென்னை மடிப்பாக்கம் போர் தண்ணியும் சளைச்சதில்ல. இங்க எல்லாரும் உப்புத் தண்ணின்னு சொல்றோம், ஆனா உப்புக் கரிக்கறது வேற, கடினம் வேற. குடிக்கற தண்ணிக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500-ல கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம்தான் ஏத்துக்கற அளவு, வேற தண்ணி இல்லாத இடத்துல 600 வரைக்கும் விடறாங்க. தூள்ல இருக்கற சலவை சோடா இந்தக் கால்சியத்தோட சேர்ந்தா சுண்ணாம்பா இறங்கும். துணி மொடமொடன்னு அப்பளம் மாதிரி நிக்கும், ஹீட்டர் கம்பில ஓடு கட்டும். அலசியும் கரையாத ஓட்டுல ஒரு சொட்டு எலுமிச்சம் சாறு விட்டு புஸ்ஸுனு பொங்கினா அநேகமா சுண்ணாம்புதான். இதுக்குப் பொருக்கு. புண்ணு ஆறினா பொருக்குத் தட்டும், சோத்துப் பானை அடில பொருக்கு, எல்லாரும் சொல்றதுதானே. சிட்ரிக் ஆசிட் போட்டு காலி மெஷினை வெந்நில ஓட்டினா பொருக்கு விடும், பிசுக்கு அவ்வளவா விடாது. தூளைக் குறைச்சா பிசுக்கு குறையும், ஆனா கடினத் தண்ணில ரொம்பக் குறைச்சா அழுக்கே போகாது. இதுக்குத்தான் மூணு சொல் கேக்கறேன், ஒரே சொல்லை வெச்சுக்கிட்டு “எச்சத்தை நீக்க சிட்ரிக் அமிலம் பயன்படுத்தவும்”னு எழுதினா பாதிப் பேருக்கு வேலை செய்யாது.

> பேசாம ரெசிடியூன்னே தமிழ்ல எழுதிடலாமே, யாருக்குப் புரியாது?

எங்க மெக்கானிக்குக்குப் புரியாது. அவர் வந்து பில்டரைக் கழட்டினதும் சொன்னது “சோப்பு நிக்குது சார், அளவா போடுங்க”. நிக்குது! நாம பத்து மடல் போட்டு பெயர்ச்சொல் தேடிட்டு இருக்கோம், அவர் ஒரு வினைல முடிச்சிட்டார். (அவரும் சோப்புன்னுதான் சொல்றார், தெரியும், ஐயா உடனே பிடிச்சுக்க வேணாம். பேச்சுல சரி, கையேட்டுல வைத்தியம் மாறிடும்.) பொதுவா மூணையும் சேர்த்துச் சொல்ல ஒண்ணு வேணும்னா அந்த ‘நிக்குது’லேர்ந்து எடுத்து அலசல் நிலுவைன்னு வைக்கலாம், அலசினதுல பாக்கி நின்னது. வீட்டு வரி பாக்கி மாதிரி தொனிக்குதுன்னு எனக்கே தெரியுது, ஆனா கட்டவேண்டியதை ஒழுங்கா கட்டலன்னுதானே அர்த்தம், கெட்டுப்போகல.

நுரை கம்மியா வர்ற மெஷின் தூள்மேல போடற ‘லோ ஃபோம்’ங்கறதுக்குக் ‘குறைநுரை’ போதும், ‘நுரைகட்டுப்படுத்தப்பட்ட’ன்னு எழுதினா டப்பால இடமே பத்தாது.

கையேட்டு வரியை இப்படி மாத்தி எழுதிப் பார்த்தேன், கத்திரி போடறவங்க போடலாம்:

“முன்கதவு எந்திரத்தில் குறைநுரைத் தூளையே போடுங்கள். கடைசி அலசலில் கண்ணாடியில் நுரை தெரிந்தால் அடுத்த முறை தூளைக் குறைத்து, ஓர் அலசல் கூட்டுங்கள். துணியில் தூள்திப்பி ஒட்டியிருந்தால் வெந்நீரில் அலசுங்கள், சுமையைக் குறையுங்கள். கதவு ரப்பரில் பிசுக்கு இருந்தால் ஈரத்துணியால் துடைத்து, கதவைச் சற்றுத் திறந்து வையுங்கள். பொருக்குக்குச் சிட்ரிக் அமிலம்.”

கொங்குப் பக்கம், நெல்லைப் பக்கம் ஆட்கள் ‘திப்பி’க்கு வேற சொல் வெச்சிருந்தா எழுதுங்க, எனக்கு அது ஒண்ணுலதான் கொஞ்சம் தயக்கம். அக்கா, சவர்க்காரத்தை விட்டுட்டு உங்க ஊர்ல வாளி ஓரத்து வளையத்தை அம்மா என்ன சொல்லுவாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க. அந்த ரப்பர் மடிப்புக்கும் ஒரு பேர் வேணும், அதை வேற இழைல வெச்சுக்கலாம், இதுவே நீண்டுபோச்சு.