டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் அதற்குக் கலைச்சொல் என்ன?

அனைவருக்கும் வணக்கம்.

ஐடிஐ மோட்டார் மெக்கானிக் வகுப்புக்கு ஒரு சுவர்ப்படம் தயாராகிறது, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். கார் டயர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாமல் போவதற்கான காரணங்கள்தான் பாடம். மொழிபெயர்த்து வந்த படியில் எல்லாவற்றுக்கும் "சீரற்ற தேய்மானம்" என்றே போட்டிருக்கிறார்கள். காற்று அதிகமானால் நடுப்பகுதி தேயும், குறைந்தால் இரண்டு ஓரமும் தேயும், கேம்பர் (சக்கரம் நிற்கும் சாய்வு) தப்பினால் ஒரே ஓரம், ஷாக் அப்சார்பர் போய்விட்டால் சுற்றிலும் அங்கங்கே குழி. தேய்ந்த விதத்தைப் பார்த்தே பழுதைச் சொல்லப் பழக வேண்டிய பையன்களுக்கு ஒரே பெயரை வைத்துக்கொண்டு என்ன சொல்லிக்கொடுப்பது? இதில் "டோ" (toe, மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) என்பதைக் "கால்விரல் கோணம்" ஆக்கியிருக்கிறார்கள். வகுப்பே சிரிக்கும். வழி சொல்லுங்கள்.
– கோவை

> எல்லாவற்றுக்கும் "சீரற்ற தேய்மானம்"

தம்பி, முதலில் அந்தத் தேய்மானத்தைக் கழற்றி எறியுங்கள். மானம் வடசொல். தேய்வு என்றாலே போதும். நற்றிணை 284இல் இரண்டு களிறுகள் ஆளுக்கொரு பக்கம் பற்றி இழுக்கும் கயிறு வெறும் பழங்கயிறு இல்லை, "தேய்புரிப் பழங்கயிறு". புரி தேய்ந்தது என்று எங்கே தேய்ந்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டான் புலவன். அதே முறையில் ஓரந்தேய்வு, நடுத்தேய்வு. டயருக்கு வட்டை இருக்கிறது. ஸ்டெப்னிக்கும் கவலை வேண்டாம், புறநானூறு 102இல் உப்பு வணிகர் வண்டியின் அடியில் கட்டிக்கொண்டு போகும் "சேம அச்சு" இருக்கிறதே, சேமவட்டை என்று வைத்துவிடலாம்.
– மதுரை

ஐயா, ஸ்டெப்னியை யார் கேட்டார்கள்! பிடிமானம், கட்டுமானம், பெறுமானம் எல்லாவற்றிலும் முன்னால் நிற்பது தமிழ் வினைதானே, இவற்றையும் கழற்றி எறிவதா? இன்னொன்று, தமிழ்நாட்டுக் கணக்குப்பதிவியலில் சொத்தின் மதிப்புக் குறைவதைத் தேய்மானம் என்கிறீர்கள், இலங்கையில் நாங்கள் அதைப் பெறுமானத் தேய்வு என்று படித்தோம். ஆக, எந்தச் சொல்லை எடுத்தாலும் ஒரு கணக்காளர் வந்து நிற்பார். நிற்கட்டும். வட்டை மரச்சக்கரத்தின் விளிம்பு, ரப்பர் இல்லை. (நாங்கள் ரயர் என்று எழுதுவோம், நீங்கள் டயர் என்றே அச்சடியுங்கள், சண்டைக்கு வரமாட்டோம்.)
– யாழ்ப்பாணம்

பட்டறையில் "உள்பக்கம் தின்னுது சார்" என்றுதான் சொல்வோம். புத்தகத்தில் தின்னுது போட முடியாது, தெரியும். நடுத் தேய்மானம், ஈரோரத் தேய்மானம், உள்ளோரம், வெளியோரம், குழித் தேய்மானம், இவை யாருக்கும் புரியும். டோவுக்கு "நோக்கு" வைக்கலாம். மேலிருந்து பார்க்கும்போது இரண்டு முன்சக்கரமும் முன்பக்கம் நெருங்கியிருந்தால் உள்நோக்கு, விலகியிருந்தால் வெளிநோக்கு. உள்நோக்கு அதிகமானால் தேய்வது வெளியோரம், வெளிநோக்கு அதிகமானால் உள்ளோரம். படத்தில் இதைப் பெரிதாகப் போடுங்கள், கற்றுக்கொள்பவர்கள் எல்லாரும் தலைகீழாகத்தான் சொல்வார்கள்.

அப்புறம் முக்கியமானது ஒன்று விட்டுப்போயிருக்கிறது. டோ தப்பினால் ஓரம் தேய்வதற்கு முன்பே டயர் மேலுள்ள ரப்பர் பட்டன்களின் விளிம்பு ஒருபக்கம் மழுங்கி மறுபக்கம் கூராகிவிடும். கண்ணுக்குத் தெரியாது. உள்ளங்கையை டயரின் குறுக்கே தடவினால் ஒரு திசையில் வழுக்கும், திருப்பித் தடவினால் கையைப் பிடிக்கும். மீனைத் தலையிலிருந்து வாலுக்கும் வாலிலிருந்து தலைக்கும் தடவிப் பாருங்கள், அதேதான். அதனால் "செதில் தேய்மானம்". இதைப் பார்த்ததும் அலைன்மென்ட்டுக்கு (சக்கரக் கோணங்களைச் சரிசெய்ய) ஓட வேண்டாம், சக்கரத்தை ஸ்டீயரிங்கோடு இணைக்கும் டை ராட் எண்டும் சஸ்பென்ஷன் மூட்டுகளின் ரப்பர் புஷ்ஷும் ஆடுகிறதா என்று முதலில் பாருங்கள், ஆட்டம் இருந்தால் வைத்த அளவு நிற்காது.
– நாமக்கல்

> அதனால் "செதில் தேய்மானம்"

உவமை நன்று, சொல் ஆபத்து. செதில் செதிலாக உரிவது என்றால் தோல் நோயைத்தானே நினைப்போம்? ரீட்ரெட் டயரில் (தேய்ந்த டயர் மேல்) புதிதாக ஒட்டிய ரப்பர் உரிந்து வருவதோடு மாணவன் குழப்பிக்கொள்வான். ரம்பப்பல் என்று போடுங்கள்.
– சென்னை

ரம்பப்பல் வேறு சார். அது டயர் சுற்றும் திசையில் முன்னும் பின்னுமாக வருவது, செதில் குறுக்குவாட்டில் வருவது. ரெண்டுக்கும் காரணம் ஒன்றில்லை.
– நாமக்கல்

செதில் என்பதன் வேர் செது என்று கொண்டால், செதுக்கு, செதும்பு, செத்தை எல்லாம் ஒரே குடும்பம். செதுக்கப்பட்ட விளிம்பு என்ற பொருளே கிடைத்துவிடுகிறது. மாலையில் விரிவாக எழுதுகிறேன்.
– மதுரை

ஐயா, மாலைக்குள் பக்கத்தைக் கொடுத்தாகணும். மறுப்பைவிட ஒப்புதல் கூடுதல் என்பதால் நடு, ஈரோரம், உள்ளோரம், வெளியோரம், குழி, செதில், ஆறுக்கும் பின்னால் தேய்மானம். உள்நோக்கு, வெளிநோக்கு வந்துவிட்டன. 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் பள்ளத்துக்குள் இருக்கும் ரப்பர் மேட்டுக்குத் தேய்வுக்குறி, மதுரை ஐயாவுக்காக அதில் மட்டும் மானம் இல்லை. கேம்பர் கேம்பராகவே போகிறது.
– கோவை

கேம்பருக்குச் சாய்வு என்று போட என்ன கஷ்டம்? நோக்குக்குத் தமிழ் கிடைத்தால் சாய்வுக்குக் கிடைக்காதா? என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். செதிலுக்கும் சேர்த்து.
– சென்னை