வீட்டு சர்வரை வெளியே திறக்க: கிளவுட்ஃப்ளேர் டனலா, சொந்த வழியா?

மொட்டைமாடி: பழைய ராஸ்பெரி பை (உள்ளங்கையளவு கணினி) ஒன்றில் எங்கள் ஊர்த் திருவிழாப் படங்களை வைத்து ஒரு தளம் ஓட்டுகிறேன். வீட்டு வைஃபையில் நன்றாகத் திறக்கிறது. ரௌட்டரில் 80, 443 இரண்டு போர்ட்டையும் (தளத்துக்கு வருபவர்கள் நுழையும் வாசல் எண்கள்) அந்த ராஸ்பெரி பைக்குத் திருப்பிவிட்டாயிற்று. ஆனால் மொபைல் டேட்டாவில் பார்த்தால் சுற்றிக்கொண்டே நிற்கிறது. ரௌட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வெளி ஐபி (இணைய முகவரி எண்) 100.81 என்று தொடங்குகிறது, ‘என் ஐபி என்ன’ தளங்கள் வேறு எண்ணைக் காட்டுகின்றன. கஸ்டமர் கேரில் கேட்டால் ரௌட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்கிறார்கள்.

வயர்மேன்: இனி எத்தனை முறை ஆஃப் செய்தாலும் பயனில்லை. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் ஐபி என்றால் நீங்கள் சிஜிநாட்டுக்குள், அதாவது நெட் நிறுவனம் ஒரே பொது ஐபியைப் பலருக்குப் பகிர்ந்து தரும் ஏற்பாட்டுக்குள் இருக்கிறீர்கள். ஐபிவி4 (பழைய வகை ஐபி) எண்களின் உலகக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்தது. அடுத்த ஆண்டு இந்த வரிசையை இதற்கென்றே ஒதுக்கினார்கள். ஒரே கதவு எண்ணில் நூறு குடித்தனம். உங்கள் ரௌட்டர் திருப்பிவிடுவது சரிதான், ஆனால் நெட் நிறுவனத்தில் அந்தப் பகிர்வைச் செய்யும் நாட் பெட்டியைத் தாண்டி எதுவும் உங்கள் ரௌட்டருக்கு வருவதே இல்லை.

கிளவுட்ஃப்ளேர் என்ற இணைய சேவை நிறுவனத்தின் டனல் போடுங்கள். பையில் ஓடும் சிறு நிரல் உள்ளிருந்து வெளியே இணைப்பு எடுக்கும், வருபவர்கள் அதன் வழியாகவே வருவார்கள். போர்ட் திறக்க வேண்டாம், காசும் கிடையாது. சொந்த டொமைன் (தளப் பெயர்) ஒன்று மட்டும் வேண்டும்.

வெட்டவெளி: ஆரம்பித்துவிட்டீர்களா அண்ணே! யார் என்ன கேட்டாலும் டனல்தானா? அந்த வழியில் எச்டிடிபிஎஸ் பூட்டு (தளத்துக்கும் பார்ப்பவருக்கும் நடுவே போவதை மறைக்கும் பாதுகாப்பு) கிளவுட்ஃப்ளேரிடமே திறக்கப்படுகிறது. போகிற பாஸ்வேர்ட், வருகிற படம் எல்லாம் அவர்கள் பார்க்கக்கூடிய நிலையில்தான் இருக்கும். வீட்டில் சர்வர் வைப்பதே நம் பொருள் நம்மிடம் இருக்கட்டும் என்றுதானே? 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃப்ளேர் படுத்தபோது உலகத்தில் எத்தனையோ தளங்கள் திறக்கவில்லை. நம் வீட்டில் கரண்ட் இருந்து, நெட் இருந்து, தளம் மட்டும் செத்துக் கிடக்க வேண்டுமா?

மொட்டைமாடி, உங்கள் இணைப்பில் ஐபிவி6 (எண்கள் தாராளமாக உள்ள புதிய வகை ஐபி) இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பைக்கே நேரடியாக ஒரு பொது முகவரி கிடைத்திருக்கும். நாட் என்ற பேச்சே இல்லை. ரௌட்டரின் ஃபயர்வாலில் (வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் காவல்) 443-ஐ மட்டும் அனுமதித்தால் போதும்.

வயர்மேன்: தம்பி, அவருடைய சொந்தக்காரர்கள் எந்த இணைப்பிலிருந்து வருவார்கள் என்று உனக்கு எப்படித் தெரியும்? மொபைல் நெட்வொர்க்கில் ஐபிவி6 கிடைத்துவிடும். அலுவலக வைஃபை, ஹோட்டல் வைஃபையில் பல இடங்களில் இன்னும் கிடையாது. “எனக்குத் திறக்கவில்லையே” என்று வாட்ஸ்அப்பில் கேட்கும் மாமாவுக்கு ஐபிவி6 பாடம் எடுக்கப் போகிறாயா?

அப்புறம், வீட்டு இணைப்பில் ஐபிவி6 முன்னொட்டும் (முகவரியின் முன்பகுதி) மாறிக்கொண்டிருக்கும். டைனமிக் டிஎன்எஸ் (மாறும் முகவரியைத் தளப் பெயரோடு அவ்வப்போது இணைக்கும் சேவை) வேண்டும், அதுவும் ரௌட்டரில் ஓட்டினால் உதவாது. மாறுவது பையின் முகவரி, ஆகவே பையிலேயே ஓட வேண்டும். இதைச் சொல்லாமல் ‘திறந்தால் போதும்’ என்கிறாய்.

அடுக்குமல்லி: நான் டனல் கட்சியும் இல்லை, வெட்டவெளி கட்சியும் இல்லை. வெளியே திறந்தே ஆக வேண்டுமா என்று முதலில் யோசியுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவச அமைப்பில் எச்டிடிபிஎஸ் சான்றிதழ் வாங்கியதுமே தளத்தின் பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும். கொஞ்ச நேரத்திலேயே பாட்கள் (தானாகத் தளங்களைத் துழாவும் நிரல்கள்) வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளின் லாகின் பக்கத்தைத் தேடி வந்து நிற்கும், உங்களிடம் வேர்ட்பிரஸ் இல்லாவிட்டாலும். 2016-இல் மிராய் என்ற தீநிரல் எத்தனை வீட்டு கேமராக்களை அடிமையாக்கியது! பத்துப் பேர் பார்க்க வயர்கார்டு விபிஎன் (அனுமதித்தவர் மட்டும் நுழையும் தனி வழி) போதாதா?

வெட்டவெளி: மிராய் நுழைந்தது டெல்நெட் என்ற பழைய தொலை லாகின் வழியில், யாரும் மாற்றாத பாஸ்வேர்டை வைத்து. அப்டேட் செய்யப்பட்ட வெப் சர்வரின் 443-க்கு அதைச் சாட்சியாக இழுக்காதீர்கள். எஸ்எஸ்எச்சை (தூரத்திலிருந்து கணினியை இயக்கும் வழி) வெளியே திறக்காதே, ரௌட்டரில் யூபிஎன்பியை (கருவிகள் தாமாகவே போர்ட் திறந்துகொள்ளும் வசதி) அணைத்து வை. இது யாருக்கும் கஷ்டமில்லை.

ஐபிவி4 மாமாக்களுக்கும் வழி இருக்கிறது. மாதம் சில நூறு ரூபாய்க்கு ஒரு சின்ன விபிஎஸ் (பொது ஐபியோடு வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்) எடுத்து, பையிலிருந்து அதற்கு வயர்கார்டு போடுங்கள். நாட் பெட்டி வழியை அடைத்துவிடாமல் இருக்க கீப்அலைவ் (இணைப்பை உயிரோடு வைக்கும் சிறு தகவல்) 25 விநாடிக்கு ஒன்று. விபிஎஸ் 443-இல் வருவதை அப்படியே வீட்டுக்குத் தள்ளும். சான்றிதழும் சாவியும் பையிலேயே இருப்பதால் நடுவில் இருக்கும் விபிஎஸ்ஸுக்குப் பூட்டிய பொட்டலம் மட்டும்தான் தெரியும்.

வயர்மேன்: நல்ல வழிதான், மறுக்கவில்லை. ஆனால் இப்போது அவர் பார்த்துக்கொள்ள வேண்டிய லினக்ஸ் இரண்டாகிவிட்டது. அந்த விபிஎஸ் நின்றாலும் தளம் படுக்கும். கிளவுட்ஃப்ளேர் படுத்தால் சரிசெய்ய அங்கே ஆள் இருக்கிறது. உன் விபிஎஸ்ஸுக்கு நடுராத்திரியில் யார் எழுந்திருப்பது?

வெட்டவெளி: திருவிழாப் படத்தை நடுராத்திரியில் யார் பார்க்கிறார்கள்?

மொட்டைமாடி: சிங்கப்பூர் சித்தப்பா பார்ப்பார் 🙂 படங்கள் எல்லோருக்கும் பொதுதான், ஒளிக்க ஒன்றுமில்லை. படம் ஏற்றுவது மட்டும் நாங்கள் நான்கைந்து பேர். வீடியோக்களும் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 300, 400 எம்பி.

வயர்மேன்: அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். கிளவுட்ஃப்ளேர் இலவசத் திட்டத்தில் ஒரு முறைக்கு 100 எம்பிக்கு மேல் ஏற்ற முடியாது. பார்ப்பதற்கு டனல், ஏற்றுவதற்கு அடுக்குமல்லி சொன்னதுபோல விபிஎன் என்று பிரித்துவிடுங்கள்.

வெட்டவெளி: சிஜிநாட்டுக்குள் இருக்கும் பைக்கு அந்த விபிஎன் எந்த வழியாக வரும் அண்ணே? அதற்கும் வெளியே ஒரு பொது ஐபி வேண்டுமே. விபிஎஸ் வந்துவிட்டால் டனல் எதற்கு?

அடுக்குமல்லி: வயர்கார்டை வைத்து இயங்கும் டெயில்ஸ்கேல் சேவையைப் போட்டால் அதற்கு விபிஎஸ் வேண்டியதில்லை. ஆனால் உங்களுக்கு அதிலும் ஒரு குறை இருக்கும் 😀

வெட்டவெளி: இருக்கிறது. அதற்குத் தனி இழை போடுகிறேன்.