மழை விஷயத்தில் யாரை நம்பி வேலையை நிறுத்துகிறீர்கள்? வானிலை மையமா, வலைப்பதிவரா?

பந்தல்காரர், திருப்பாதிரிப்புலியூர்:

கார்த்திகை முகூர்த்தம் வந்தால் எனக்கு மழைதான் முதல் கவலை. 2024 நவம்பர் கடைசியில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டு விசேஷத்துக்குப் பந்தல் ஒப்புக்கொண்டிருந்தேன். புயலாகக் கரை கடக்காது, ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகத்தான் கடக்கும் என்று வந்திருந்த கணிப்பு 29ஆம் தேதி மாறி, அது ஃபெஞ்சல் புயலாகவே ஆகிவிட்டது. அதற்குள் என் போனில் நாலைந்து பதிவர்கள் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சென்னை என்றார், ஒருவர் மரக்காணம், இன்னொருவர் "புஸ்" என்றார். சரியாகப் புதுச்சேரி என்று சொன்னவரை மட்டும் இன்றைக்கும் எல்லோரும் ஞாபகம் வைத்துத் தூக்கிவைத்துப் பேசுகிறோம், மற்றவர்கள் சொன்னது யாருக்கும் நினைவில்லை. ரெட் அலர்ட் வந்ததும் நான் சாமானை இறக்கவே இல்லை. வீட்டுக்காரரிடம் வாங்கிய திட்டு தனிக்கதை.

தேவனாம்பட்டினம் படகு:

அண்ணே, எங்களுக்கு அந்தக் குழப்பமே கிடையாது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் படகு இறங்காது, அவ்வளவுதான். அதற்காகப் பதிவர்களைப் பார்ப்பதில்லை என்று சொல்லமாட்டேன், எல்லோரும்தான் பார்க்கிறோம், ராத்திரி ரேடார் படம் போட்டு "இந்த மேகம் இன்னும் ஒரு மணி நேரத்தில் கடலூருக்கு" என்று அவர்கள் சொல்வதுபோல வேறு யாரும் சொல்வதில்லை. ஆனால் அந்த ரேடார் யாருடையது? காரைக்காலில் இருப்பதும் சென்னையில் இருப்பதும் அரசு ரேடார்தானே. பதிவர் தப்பாகச் சொன்னால் மறுநாள் "கம்ப்யூட்டர் மாடல் மாறிடுச்சு நண்பர்களே" என்று போட்டுவிட்டுப் போய்விடலாம். மையம் சொன்னதை வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுகிறார்கள், படகை நிறுத்துகிறார்கள், வெயில் அடித்தால் ஊரே திட்டுகிறது. ரெண்டு பேரையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது.

லாஸ்பேட்டை, புதுச்சேரி:

நான் கல்லூரியில் புள்ளியியல் எடுப்பவன், அதனால் கொஞ்சம் நீளமாகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிபுணர்களைவிட வெளியாட்கள் நன்றாகக் கணிப்பார்கள் என்ற பேச்சு பெரும்பாலும் அரசியலில் இருந்து வந்தது. பிலிப் டெட்லாக் என்ற ஆய்வாளர் 284 நிபுணர்களின் அரசியல் கணிப்புகளைப் பல வருடம் சேர்த்து 2005இல் முடிவை வெளியிட்டார். அதில் புகழ்பெற்ற நிபுணர்கள் மற்றவர்களைவிடச் சரியாகச் சொல்லவில்லை. 2008 அமெரிக்கத் தேர்தலில் நேட் சில்வர் என்ற பதிவர் 50 மாநிலங்களில் 49இல் யார் ஜெயிப்பார் என்று சரியாகச் சொன்னார். சரி, ஆனால் வானிலைக்காரர்கள் வேறு ஜாதி. இன்றைக்குச் சொன்னது நாளைக்கே தெரிந்துவிடும், தினம் தினம் தேர்வு எழுதுகிற மாதிரி. இத்தனை சதவீத வாய்ப்பு என்று சொல்கிற கணிப்புக்கு மதிப்பெண் போட ஒரு முறையை 1950இல் கிளென் பிரையர் என்ற வானிலைக்காரர்தான் கொண்டுவந்தார்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. 20 சென்டிமீட்டரைத் தாண்டினால் எல்லாமே "அதி கனமழை", ஒரே சிவப்பு. ஃபெஞ்சலில் புதுச்சேரியில் ஒரே நாளில் பெய்தது 46 சென்டிமீட்டருக்கும் மேல். புயல் கரை கடந்தும் நகராமல் எங்கள் தலைக்கு மேலேயே நின்றது. 21க்கும் 46க்கும் ஒரே பெயர் என்றால், எச்சரிக்கை சரியாகவே வந்தும் வீட்டுக்குள் தண்ணீர் எந்த அளவு வரும் என்று யாருக்குத் தெரியும்? பதிவர்கள் ஜெயிப்பது இங்கேதான். "தரைத்தளத்தில் இருப்பவர்கள் இன்வெர்ட்டரை மேலே தூக்கி வையுங்கள்" என்று அவர்கள் சொல்வார்கள், அரசு அறிக்கையில் அதை எதிர்பார்க்க முடியாது.

பந்தல்காரர், திருப்பாதிரிப்புலியூர்:

சார், அப்படியென்றால் மதிப்பெண் போட்டுப் பார்த்துவிடலாமே? ஆர்டர் நோட்டிலேயே முதல்நாள் சாயங்காலம் மையம் சொன்னது ஒரு பக்கம், நான் பார்க்கிற பதிவர் சொன்னது ஒரு பக்கம் எழுதிவைக்கிறேன். "மழைக்கு வாய்ப்பு" என்று மொட்டையாகச் சொன்னால் கணக்கில் சேர்க்கப்போவதில்லை. சிக்கல் என்னவென்றால் மஞ்சக்குப்பத்தில் கொட்டும்போது முதுநகரில் தூறல்கூட இருக்காது. கடலூரில் வீட்டு மாடியில் மழைமானி வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், எந்தத் தெரு என்பதையும் சேர்த்து.